வடக்குச் சுவரோரம்

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். மலாக்கி கெரட்டி கெடாமலேயே குட்டிச்சுவர் தேடிப் போகிற ஆள். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் காரின் பின்சீட்டில் ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, ஃபிளாஸ்க் நிறையத் தேநீர், பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, முன்சீட்டில் மனைவி நோரீனையும் ஏற்றிக்கொண்டு லிமரிக்கிலிருந்து கிளம்பிவிடுவார். அயர்லாந்தில் எங்கெங்கே கூரை போன தேவாலயம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் நிற்பார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மனைவியை ஸ்பெயினுக்கு வெயில் காயக் கூட்டிப்போனார்கள். நோரீனுக்கு வாய்த்தது எண்ணூறு வருடத்துச் சுவரும் அதன் காலடியில் காஞ்சொறிச் செடியும்.

கல் விஷயத்தில் மலாக்கி எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். எந்த வளைவு எந்த நூற்றாண்டு, எந்த ஜன்னலை இங்கிலாந்திலிருந்து வந்த குரோம்வெல் படை உடைத்தது, எந்த ஜன்னலை உள்ளூர்க்காரனே பெயர்த்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகைக்கு வைத்தான் என்று கொட்டும் மழையில் நின்று பாடம் நடத்துவார். கேட்பதற்கு நோரீனும் நாலு பசுமாடுகளும் இருக்கும். பசுக்கள் பாதியில் போய்விடும். நோரீன் ஏதாவது ஒரு கல்லறை மேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு, முழுக்கக் கேட்பாள்.

"நோரீனுக்கு என்ன பொறுமை" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். பொறுமையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. அவள் பாடத்தைக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான மறுவருடம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. மாவட்ட ஆஸ்பத்திரியில் பிறந்தது, அழவே இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லாததால் மந்திரித்த கல்லறை மண்ணில் அதற்கு இடமில்லை என்றது அன்றைய திருச்சபை. மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவிலே ஏதோ ஒரு இருட்டு அறை அதற்கு. இப்படி வந்த குழந்தைகளை அப்பன்காரன் ஒரு பெட்டியில் வைத்து, பொழுது சாய்ந்தபின் இடிந்த தேவாலயம் எதற்காவது எடுத்துப்போவான். வெயில் படாத வடக்குச் சுவரோரம் குழி வெட்டிப் புதைத்து, அடையாளத்துக்கு மேலே ஒரு வெள்ளை வெங்கச்சங்கல்லை வைத்துவிட்டு வருவான். சாமியார் கிடையாது, மணி கிடையாது, பெயர் கிடையாது. தாய் போவது வழக்கமில்லை. எங்கே என்று தாய்க்குச் சொல்வதும் வழக்கமில்லை. சொன்னால் போய் நிற்பாள், நின்றால் அழுவாள், அழுதால் ஊர் பார்க்கும்.

அன்று மலாக்கி சித்தப்பாவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு பெட்டியோடு போனார். விடியும் நேரத்தில்தான் வீடு திரும்பினார் என்று மாமியார் பின்னால் ஒருநாள் வாய்தவறிச் சொன்னாள். அவ்வளவு நேரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். மேற்குக் கடற்கரை முழுக்கப் ஊருக்கு ஒரு தேவாலயம் இடிந்து கிடக்கிறது, ஒவ்வொன்றின் வடக்குப் பக்கத்திலும் வெள்ளைக் கற்கள் கிடக்கின்றன. எதன் முன்னால் மண்டியிடுவாள்? யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு அழுதுவிட்டு வருவதா?

கேட்காமல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கேட்டாள். மாமியாரைப் புதைத்த அன்று கேட்டாள். பிறகு ரோமாபுரியில் திருச்சபைப் பெரியவர்கள் கூடி, அந்தக் குழந்தைகளுக்கும் மோட்சம் உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என்று அறிவித்தார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவரிடம் மறுபடி கேட்டாள். எப்போதும் ஒரே பதில்தான்.

"அதைப் பேசி என்ன ஆகப் போகுது, நோரீன்."

ஊர்க் கல்லுக்கெல்லாம் கதை சொல்கிறவருக்கு அந்த ஒரு கல்லைப் பற்றி மட்டும் வாயில் கொழுக்கட்டை. அவளுக்கு அதற்கப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், இரண்டு பேரும் கனடாவில் இருக்கிறார்கள். இருந்தாலும் அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் பதில் சொல்லும் முன் மூச்சு ஒரு இடத்தில் தடுக்கும்.

ஆகவே அவள் கோடைதோறும் கிளம்பினாள். ஏதோ ஒரு தேவாலயத்தில் அவர் பாடம் நடுவில் நிற்கும், தொப்பியைக் கழற்றுவார், கண் வடக்குப் பக்கம் ஓடும், அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். எத்தனையோ கோடை போயிற்று. பாடம் ஒருநாளும் நிற்கவில்லை.

இந்த வருடம் மேயோ மாவட்டத்துக்குள் போகும் வழியில் ஆற்று வெள்ளம் ஒரு பாலத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. மாற்றுப்பாதை என்று மஞ்சள் பலகை வைத்து, வண்டிகளையெல்லாம் ஒரு குறுகிய கிராமத்துச் சாலையில் திருப்பிவிட்டிருந்தார்கள். மலாக்கி பலகையைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய் வேறு பெரிய சாலை பிடிக்கலாம் என்றார். பின்னால் வந்த டிராக்டர்க்காரன் ஹாரனைப் போட்டு அலறவிட்டான். வேறு வழியில்லாமல் திருப்பினார்.

இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் மரங்களுக்கு மேலே ஒரு முக்கோணச் சுவர் தெரிந்தது.

"குட்டிச்சுவர் வருது, மலாக்கி. வலது பக்கம்."

"ம்."

"போர்டு வெச்சிருக்கான். கில்லாவரன் தேவாலயம். பதிமூணாம் நூற்றாண்டாம்."

"அதுல ஒண்ணும் இல்ல. வெறும் சுவரு."

"போன வாரம் ஒரு வெறும் சுவருக்காக முழங்கால் வரைக்கும் சாணியில எறங்கினியே, அது என்னவாம்?"

"மழை வருது."

"நேத்திக்கு வராத மழையா?"

வண்டியின் வேகம் கூடியது. நோரீன் வேடிக்கையாக இன்னொன்று சொல்வதற்குத் திரும்பியவள் வாயை மூடிக்கொண்டாள். மலாக்கியின் காது மடல் சிவந்திருந்தது. கண் சாலையை விட்டு அசையவில்லை. அசையக் கூடாது என்று அவர் அதைப் பிடித்துவைத்திருப்பது தெரிந்தது. எந்த முகத்துக்காக அவள் காலமெல்லாம் மழையில் காத்துக் கிடந்தாளோ அந்த முகம் ஓடுகிற காருக்குள், பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நிறுத்து."

"நோரீன்..."

"நிறுத்துன்னேன்."

வாசலைத் தாண்டிப் புல்லோரமாக நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

"எனக்கு முழங்கால் வலிக்குது. நீ வேணும்னா போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். இரும்புக் கதவுக்கு உள்ளே வட்டமாக ஒரு பூப்பாத்தி, அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள், சுற்றிலும் பளிச்சென்று வெள்ளையடித்த கற்கள். நன்றாக இருக்கிறதே என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பாதையில் சரளை புதிதாகக் கொட்டியிருந்தார்கள்.

தேவாலயம் சிறியது. கூரை போய் நானூறு வருடம் ஆகியிருக்கும். பீடம் இருந்த இடத்துக்கு மேலே ஒல்லியான இரட்டை ஜன்னல், கல் இன்னும் கூர் மழுங்காமல் நின்றது. வாசலோரத் தீர்த்தத் தொட்டியில் மழைத்தண்ணீரும் ஒரு நத்தையும் இருந்தன. இந்த மாதிரி ஜன்னலுக்கு மலாக்கி அரைமணி நேரம் பேசுவார், அதைப் பார்க்காமல் காரில் உட்கார்ந்திருக்கிறார். வடக்குச் சுவரில் தலை குனிந்து போகும்படி ஒரு குட்டி வாசல். என்ன பார்க்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். மேடும் பள்ளமுமான புல், நடுவே முழங்கால் உயரமில்லாத கற்கள், மேலே வெள்ளைக் கல். எத்தனையோ இடத்தில் பார்த்ததுதான்.

குனிந்து வெளியே வந்தாள். வடக்குப் பக்கம் பந்து விளையாடுகிற மைதானம் மாதிரி சமமாக இருந்தது. ஒட்ட வெட்டிய புல், மூலையில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பக்கத்தில் 'அமைதித் தோட்டம்' என்று ஒரு பலகை. கல் என்று ஒன்றுகூட இல்லை.

புல்வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு ஆள் வந்தார். எழுபதைத் தொடும் வயது, சிவந்த முகம், தொப்பியில் புல் தூசி.

"வாங்கம்மா, வாங்க. பாத்து நடங்க, இப்பத்தான் வெட்டினேன், வழுக்கும். நான் ஜார்லத். இந்த இடத்தப் பாத்துக்கற கமிட்டிக்கு நான்தான் தலைவரு."

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றாள் நோரீன்.

"அழகான ஊர்ப் போட்டியில போன வருஷம் எங்களுக்கு ரெண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கினவன் மார்க்கெட் நடுவுல பொம்மைக் கழுதைய நிறுத்தி வாங்கிட்டான். விடுங்க, அவனவன் ராசி."

"இந்தப் பக்கம் முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, கேக்காதீங்க. முள்ளு, காஞ்சொறி, காலு வைக்கிற இடமெல்லாம் கல்லு. மெஷினு ஓட்ட முடியாது, பிளேடு போயிடும். மூணு வருஷம் முன்னாடி டிராக்டர் வெச்சு மொத்தமா எடுத்து சமம் பண்ணோம்."

"அந்தக் கல்லெல்லாம்?"

"மத்ததெல்லாம் பாதைக்கு அடியில போச்சு. வெள்ளைக் கல்லு நல்ல கல்லு, வீணாக்குவானேன்? வாசல்ல பூப்பாத்தி பாத்தீங்கல்ல, சுத்தி வெச்சிருக்கே, அதான். சிலது மங்கலா இருந்துச்சு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு பெயிண்ட் அடிச்சோம்."

நோரீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ன கல்லுன்னு தெரியாமலா எடுத்தீங்க?"

ஜார்லத் தொப்பியைக் கழற்றினார், உதறினார், திரும்ப வைத்துக்கொண்டார். இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார்.

"தெரியும்னா தெரியும். யாருக்குத்தான் தெரியாது? ஆனா நாங்க கேக்காம செய்யல. பூசையில மூணு ஞாயித்துக்கிழமை சாமியார் படிச்சாரு. கில்லாவரன் வடக்குப் பக்கத்த சுத்தம் பண்ணப் போறோம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எழுந்து சொல்லுங்கன்னு. கோயில் நிறைய ஜனம். ஒருத்தர் எழுந்திரிக்கல."

எப்படி எழுந்திருப்பார்கள்? எழுந்து நின்றால் 'எனக்கும் ஒன்று அங்கே இருக்கிறது' என்று ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. அப்பன்மார் மனைவியிடமே சொல்லாததை ஊரிடமா சொல்வார்கள்? தாய்மாருக்கோ எங்கே என்றே தெரியாது. எதைச் சொல்லி எழுந்திருப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், ஊர் முழுக்க உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றபோது தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று ஞாயிறு அப்படிக் குனிந்தார்கள், நாலாவது வாரம் டிராக்டர் வந்தது.

"நீங்க எழுந்திரிக்கலையா?"

"நான் கமிட்டித் தலைவராச்சே" என்றார் ஜார்லத். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எங்கம்மாவுக்கும் ஒண்ணு இங்க இருக்கு. எனக்கு முன்னாடி வந்தது. எங்கப்பா கடைசி வரைக்கும் எந்த இடம்னு சொல்லல. எந்தக் கல்லுன்னு தெரிஞ்சிருந்தா அத மட்டும் விட்டிருப்பேம்மா."

அவரை நாலு வார்த்தை திட்டவேண்டும் என்று நோரீனுக்கு வாய் வரை வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். கோபம் போகவில்லை, இடம் மாறியது. வேறொருவர் காரில் முழங்கால் வலி என்று உட்கார்ந்திருக்கிறார்.

சரளைப் பாதையில் திரும்பி நடந்தாள். பாதைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரியும், அதனால் ஓரத்துப் புல்லில் நடந்தாள். காரில் மலாக்கி பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு."

"நோரீன், கேளு..."

"நாப்பது வருஷமா கேட்டுட்டேன். இறங்கி எங்கன்னு காட்டு."

அவர் இறங்கினார். முழங்கால் நன்றாகத்தான் நடந்தது. தேவாலயத்துக்குள் நுழைந்து, இரட்டை ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நேராக வடக்கு வாசலுக்குப் போனார். வீட்டில் இருட்டில் எழுந்து சமையலறைக்குப் போகிறவர் மாதிரி ஒரு இடத்திலும் கால் தடுக்கவில்லை. குனிந்து வெளியே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க ஒரு முள்மரம் இருந்துச்சே" என்றார்.

"அத வெட்டியாச்சு" என்றார் ஜார்லத். இருவரையும் பார்த்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, குரல் தாழ்ந்திருந்தது. "ஒத்த முள்மரத்தடியில ஏதோ குடியிருக்கு, கை வெச்சா ஆகாதுன்னு உள்ளூர்ல ஒருத்தனும் வரல. வெளியூர் ஆளக் கூட்டிட்டு வந்து வெட்டினோம்."

மரத்தடியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாததற்கு அத்தனை பேர் பயந்தார்கள். மரத்தடியில் கிடந்ததற்குப் பயப்பட ஒருவர் இல்லை.

மலாக்கி புல்லில் இறங்கினார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஜன்னலுக்கு நேரா இல்ல. கொஞ்சம் தள்ளி. மண்வெட்டிக்கு வேர் தட்டுச்சு, அதனால இப்படி நகந்து வெட்டினேன். இங்க." ஒரு இடத்தில் நின்றார். "இல்ல. இங்க." நாலு அடி எடுத்து வைத்தார். "இங்கதான் இருக்கணும். மரம் இருந்தா சொல்லிடுவேன்."

எண்ணூறு வருடத்துக்கு முன் எந்தக் கொத்தன் எந்தக் கல்லை எங்கே வைத்தான் என்று சொல்லத் தெரிந்தவர், தன் கையால் வைத்த கல்லின் இடம் தெரியாமல் அந்தச் சமமான புல்லில் கோழி மாதிரி அங்கும் இங்கும் போய் வந்தார். நோரீன் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"எதுல வெச்ச அவள?"

"ஆஸ்பத்திரியில கொடுத்த பெட்டிதான். உன் மஞ்சள் ஸ்வெட்டர்ல சுத்தி வெச்சேன்." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "குளிரா இருந்துச்சு."

அந்த ஸ்வெட்டரை அவள் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேடியிருக்கிறாள். நாத்தனார் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்து அவளோடு பல வருடம் சரியாகப் பேசவில்லை. ஒரு நிமிஷம் அவர் தோளைத் தொடலாம் என்று கை எழுந்தது. இதையாவது சொல்லியிருக்கலாமே, இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன் என்று தோன்றியதும் கை இறங்கிவிட்டது.

"அதுக்கப்புறம் நீ இங்க வந்தியா?"

மலாக்கி பூட்ஸ் நுனியால் புல்லைத் தடவினார்.

"வந்தியான்னு கேக்கறேன்."

"ரெண்டு மூணு தடவ. கடைசியா உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம். பல்லு புடுங்கணும்னு சொல்லிட்டு."

"அப்ப கல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரொட்டி அளவு கல்லு. ஒரு பக்கம் துருப்பிடிச்ச மாதிரி சிவப்புக் கோடு. அப்படியே இருந்துச்சு."

அன்று பல் பிடுங்கிய வாய்க்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் சூப் வைத்துக் கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சொன்னா நீ இங்கயே கிடந்திருப்ப, நோரீன். உன் நிம்மதிக்காகத்தான் சொல்லல."

"என் நிம்மதிய நீ எடுத்துட்டு வந்து இங்க வெச்சுட்டுப் போன" என்றாள். "எனக்கு வீட்டுல மிச்சம் ஒண்ணும் இல்ல."

வாசலுக்குப் போனாள். இருவரும் பின்னால் வந்தார்கள். பூப்பாத்திக்கு முன்னால் ஈரத்தில் மண்டியிட்டு, கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, ரொட்டி அளவிருந்த ஒரு கல்லைச் சுரண்டினாள். பெயிண்ட் செதிலாக உதிர்ந்தது. அடியில் சிவப்புக் கோடு தெரிந்தது. மலாக்கி குனிந்து கிட்டே வந்தார். அவள் அடுத்த கல்லைச் சுரண்டினாள். அதிலும் கோடு. அதற்கடுத்ததிலும்.

"அந்த மலைக் கல்லு எல்லாத்துலயும் கோடு இருக்கும்மா" என்றார் ஜார்லத் மெதுவாக.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பழமொழிதான். கல் இருந்தவரை இந்த மனிதர் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தபோது கல் இல்லை. இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது, வட்டமாக உட்கார்ந்திருக்கிறது, எது என்றுதான் தெரியாது.

நோரீன் முதலில் சுரண்டிய கல்லை இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்தாள். அடியில் மண்புழு நெளிந்தது. வட்டத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி.

"அது நம்மளுதுதானான்னு தெரியாதே" என்றார் மலாக்கி.

"யாரோ ஒருத்தியோடது. போதும்."

ஜார்லத் தடுக்கவில்லை. பக்கத்துக் கல்லை நகர்த்தி இடைவெளியை மூடவும் இல்லை. அவள் கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் பாத்திக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து இன்னொரு கல்லைச் சுரண்டத் தொடங்கியிருந்தார்.

காரில் கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது, கோட்டு நனைந்தது. மாற்றுப்பாதை முடிந்து பெரிய சாலை வந்தது, அப்புறம் மறுபடி ஒரு கிராமத்துச் சாலை. ஏரிக்கரை மேட்டில் அன்றைய திட்டப்படி அவர்கள் பார்க்கவேண்டிய தேவாலயம் தெரிந்தது. மலாக்கி வழக்கம்போலத் தானாகவே வேகத்தைக் குறைத்தார், பிறகு நினைவு வந்து திரும்ப மிதிக்கப் போனார்.

"நிறுத்து" என்றாள்.

அவர் நிறுத்தி, சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

"நீ இரு. உனக்கு முழங்கால் வலி."

கல்லைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு மதில்சுவரில் பதித்த படிகளில் ஏறித் தாண்டிப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. மலாக்கி கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டுப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இறங்கிப் பார்க்கலாமா என்று கதவில் கை வைத்தார், எடுத்தார். அவள் திரும்பி வந்தபோது கை இரண்டும் வெறுமையாக இருந்தன. நகத்தில் மண், பாவாடையில் முழங்கால் பட்ட இடத்தில் இரண்டு ஈர வட்டங்கள். உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து, தனக்கு மட்டும் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

"எங்க வெச்ச, நோரீன்?"

அவள் ஒரு மிடறு குடித்தாள்.

"சர்ச்சுக்குள்ளயா? வடக்குப் பக்கமா? ஏரிப் பக்கமா?" அவர் அவள் பக்கம் முழுக்கத் திரும்பினார். "எனக்கும் அவ பொண்ணுதான்."

"அதைப் பேசி என்ன ஆகப் போகுது, மலாக்கி. வண்டியை எடு."

அவர் எடுத்தார். ஓட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தார். வளைவில் பார்த்தார், நேர்ச் சாலையில் பார்த்தார், ஏரி கண்ணுக்கு மறையும்போது அவள் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். பார்க்கட்டும் என்று நோரீன் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்தாள்.